ஒன்பதாம் மாத ஊசி அன்று ஒரு கேள்வி: சுகாதாரச் செவிலியர்களுக்கும் பால்வாடி டீச்சர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்தில் வேலை பார்க்கும் கிராம, நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலர் உங்கள் கைவழியாக வந்தவர்கள்தான். பிறந்த எடை முதல் கடைசியாகப் போட்ட ஊசி வரை அவர்களுடைய அட்டையில் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றும்.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்பது மாதக் குழந்தை தடுப்பூசிக்கு வரும்போது, அது வாயால் என்ன சத்தம் போடுகிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். பேச்சு பிந்துகிற பிள்ளையின் வீட்டில், அவர்கள் பேசுகிற மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டும் வேறு வேறு போலத் தெரியும். ஒன்றை விட்டால் மற்றதும் கெட்டுப்போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முனிச்சாலைப் பக்கம் ஒரு வீடு. அம்மா, அப்பா, பாட்டி எல்லாரும் தங்களுக்குள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். பையனுக்கு ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. ஊசி போடப் போன இடத்தில் அம்மா கவலையோடு கேட்டிருக்கிறார். "வீட்ல ஒரு பாஷை, தெருவுல ஒரு பாஷைன்னா பிள்ளை எதைப் பிடிக்கும்? குழம்பிப் போயிருக்கான். தமிழ் மட்டும் பேசுங்க, சரியாயிரும்" என்று பதில் வந்திருக்கிறது. அக்கறையோடு சொன்னதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டிலும் அப்படியே கேட்டு நடந்தார்கள். பாட்டிக்குத் தமிழ் நன்றாகவே வரும். ஆனாலும் பேரனை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சினால் அவர் வாயில் வருவது சௌராஷ்டிரம்தான். அது கூடாது என்றானதும் அவர் பேரனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஒரு வருடம் ஓடிவிட்டது. என்னிடம் கூட்டி வந்தபோது முதல் வேலையாகக் காதுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு. பிறவியிலேயே அப்படி இருந்திருக்க வேண்டும்.

அவனுடைய வீட்டில் ஒரே ஒரு மொழி பேசியிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். இரண்டு மொழி இருந்ததால் பழி அதன்மேல் விழுந்தது, காதை யாரும் பார்க்கவில்லை.

இந்த ஊரில் இது ஒரு வீட்டோடு நிற்கிற விஷயம் இல்லை. மகாலைச் சுற்றி, முனிச்சாலையில், கைத்தறி நகரில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள். டி. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் தெலுங்கு. அங்கங்கே கன்னடம், உருது, மலையாளம். கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கிற குடும்பங்களில் இந்தியும் ஒடியாவும். உங்களில் சிலரே இப்படிப்பட்ட வீடுகளில் பிறந்தவர்களாக இருப்பீர்கள். நானும் அப்படித்தான்: வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசற்படியைத் தாண்டினால் தமிழ். அதனால் "குழப்பம்" என்று சொல்லப்படுகிற இந்த விஷயத்தைப் பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காது வயிற்றிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஆறாம் மாதவாக்கில் வெளிச்சத்தத்துக்குக் குழந்தை அசையும். பனிக்குடத்துக்குள் சொற்கள் தெளிவாகப் போகாது. பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும் போகும். அதை வைத்தே குழந்தை நிறையப் பிடித்துக்கொள்கிறது. 2009-ல் ஜெர்மனியில் காத்லீன் வெர்ம்கே என்பவரின் குழு, பிறந்து மூன்று முதல் ஐந்து நாளே ஆன 60 குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து ஒப்பிட்டது. பாதிப் பேர் பிரெஞ்சு பேசும் வீட்டுக் குழந்தைகள், பாதிப் பேர் ஜெர்மன் வீட்டுக் குழந்தைகள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறியது. ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழே இறங்கியது. அந்தந்த மொழிப் பேச்சின் ராகமும் அப்படித்தான் போகும். அழுவதற்குக்கூட வீட்டு மொழியின் சாயல் வந்துவிடுகிறது.

அப்படியானால் வயிற்றிலிருந்தே இரண்டு மொழி கேட்ட குழந்தை? இதையும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் வான்கூவரில், கர்ப்ப காலம் முழுக்க ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் நாட்டு மொழியான தகலாகும் பேசிய அம்மாக்களின் பச்சைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு அது. 2010-ல் வெளிவந்தது. வாயில் வைத்த ரப்பர் நிப்பிளை எவ்வளவு வேகமாகச் சப்புகிறது என்பதை வைத்து, குழந்தைக்கு எதைக் கேட்கப் பிடிக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்ட குழந்தைகள் ஆங்கிலத்தை நாடின. இரண்டும் கேட்டவை இரண்டையும் நாடின. அதோடு, இரண்டும் வேறு வேறு மொழிகள் என்று பிரித்தும் காட்டின. பிறந்து சில நாளே ஆன சிசு இது! ஸ்பானிஷும் கட்டலானும் ரொம்ப நெருங்கிய மொழிகள். பார்சிலோனாவில் அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டு வளர்கிற குழந்தைகள் நாலு மாதத்திலேயே அவற்றைப் பிரித்து அறிகிறார்கள். தமிழும் சௌராஷ்டிரமும் அந்த அளவுக்கு நெருக்கம்கூடக் கிடையாது. ஒன்று திராவிட மொழி, மற்றது இந்தோ ஆரிய மொழி. சௌராஷ்டிரத்தில் மூச்சு கலந்த ஒலிகள் நிறைய. ம, ந, ர, ல போன்றவற்றோடு ஹகரம் சேர்ந்து வருகிற ஒலிகள்கூட உண்டு. சௌராஷ்டிர எழுத்தில் அதற்கென்றே தனிக் குறி இருக்கிறது. தமிழில் அப்படி எதுவும் இல்லை. காது நன்றாக இருக்கிற குழந்தைக்கு இந்த இரண்டையும் பிரிப்பது பெரிய காரியமே இல்லை.

முதல் ஆறு மாதத்துக் குழந்தையின் காது எல்லா மொழிக்கும் திறந்தே கிடக்கிறது. இதைக் காட்டிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்றைப் படித்தால் நமக்குத் தனியாக ஒரு சந்தோஷம் வரும், ஏனென்றால் அது நம் நாக்கில் தினமும் புரளுகிற ஒலியைப் பற்றியது. 1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்கிற குழந்தைகளுக்கு இந்தியின் தகரத்தையும் டகரத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். பத்துக்கும் பட்டுக்கும் நடுவில் நமக்கு இருக்கிற வேறுபாடு. ஆங்கிலத்தில் அது கிடையாது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் அந்த வேறுபாட்டைக் கேட்டுத் தலையைத் திருப்பினார்கள். பத்து பன்னிரண்டு மாதத்தில் அநேகமாக யாராலும் முடியவில்லை. அதே வயது இந்தி வீட்டுக் குழந்தைகளால் முடிந்தது. வீட்டில் காதில் விழுகிற ஒலியை வைத்துக்கொண்டு, விழாததை விட்டுவிடுகிறது மூளை. ஜப்பானியக் குழந்தைகள் ரகர லகர வேறுபாட்டை விடுவதும் இதே மாதங்களில்தான்.

ஆக ஒரு குழந்தையின் முதல் வருடம் சும்மா கழிவதில்லை. முதல் சொல் வருவதற்கு முன்பே அது தன் வீட்டு ஒலிகளைத் தேர்ந்தெடுத்து முடிக்கிறது. அந்த வருடத்தில் காது மூடிக் கிடந்தாலோ, பேச வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டாலோ, பின்னால் அதை ஈடுகட்டுவது கடினம்.

இது கேட்பதில் நடப்பது. இனி வாயிலிருந்து வருவது. இதில்தான் உங்கள் உதவி வேண்டும்.

இரண்டு மாதவாக்கில் "ங்கா", "அக்கூ" என்று தொண்டையிலிருந்து வரும். நம் வீடுகளில் "உங்கா சொல்லு" என்று கொஞ்சுவோமே, அது. நாலு ஐந்து மாதத்தில் கீச்சென்று கத்தும், முனகும், உதட்டைக் குவித்து எச்சிலைப் புர்ரென்று ஊதும். பிள்ளை இப்படி ஊதினால் மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மழை வருகிறதோ இல்லையோ, உதட்டையும் மூச்சையும் அது பழக்கிக்கொள்கிறது. அப்புறம் ஆறு முதல் பத்து மாதத்துக்குள் ஒரு நாள், தாடை மேலும் கீழும் ஆட ஆட, மெய்யும் உயிரும் சேர்ந்த முழு அசைகள் வரிசையாக வரத் தொடங்கும்: "பபபபா", "தத்தத்தா", "மம்மம்மா". எந்த நாட்டுக் குழந்தையும் பெரும்பாலும் உதட்டிலும் நுனிநாக்கிலும் பிறக்கிற ஒலிகளிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ழகரம் ரகரம் எல்லாம் நாக்கை நுணுக்கமாக அசைக்க வேண்டிய ஒலிகள். அவை வரப் பல வருடம் ஆகலாம். மூன்று வயதுப் பிள்ளை "பழம்" என்பதைப் "பயம்" என்று சொன்னால் பயப்பட வேண்டியதில்லை.

இந்தத் "தத்தத்தா" தொடங்குகிற விதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்றாலும், சீக்கிரமே அதிலும் வீட்டு மொழி ஏறிக்கொள்கிறது. பிரெஞ்சு, அரபு, கண்டோனீஸ் என்கிற சீன மொழி பேசும் வீடுகளின் எட்டு மாதக் குழந்தைகளுடைய மழலையைப் பதிவு செய்து, 1984-ல் பெனடிக்ட் தெ புவாசோன் பார்தியின் குழு பிரெஞ்சுக்காரர்களுக்குப் போட்டுக் காட்டியது. எது பிரெஞ்சு வீட்டுக் குழந்தை என்று கேட்டதற்கு, அவர்களால் குருட்டுத்தனமான ஊகத்தைவிட நன்றாகவே சொல்ல முடிந்தது. பத்து மாதத்தில் உயிரொலிகளே அந்தந்த மொழிப் பக்கம் சாயத் தொடங்குவதாகப் பிறகு அளந்தும் பார்த்தார்கள்.

இப்போது முக்கியமான இடம். முழு அசைகள் தொடங்கும் வயதை எது பிந்த வைக்கிறது? அமெரிக்காவின் மயாமியில் கிம்ப்ரோ ஆலர், ரெபெக்கா ஐலர்ஸ் ஆகியோர் பல வருடம் இதையே துருவிப் பார்த்தார்கள். வறுமையில் இருக்கும் வீட்டுக் குழந்தைக்குப் பிந்துகிறதா? இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு? முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இல்லை. ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்ந்து கேட்கும் குழந்தைக்கு? 1997-ல் வந்த ஆய்வு சொன்னது: அதுவும் இல்லை. ஆனால் காது கேளாத குழந்தைக்குத் தெளிவாகப் பிந்தியது. 1988-ல் அவர்கள் வெளியிட்ட ஒப்பீட்டில், காது கேட்கும் குழந்தைகள் எல்லாரும் பத்து மாதத்துக்குள் முழு அசைகளைத் தொடங்கியிருந்தார்கள். கேளாத குழந்தைகளில் மிகச் சீக்கிரம் தொடங்கியதே பதினொன்றாம் மாதத்தில்தான். சிலருக்கு இரண்டு வயது தாண்டியது.

ஏழை வீடு, இரண்டு மொழி வீடு, குறைமாதம் என்று நாம் எதையெல்லாம் காரணமாகச் சொல்லிப் பெற்றோரைத் திருப்பி அனுப்புகிறோமோ, அவை எதுவும் இதைப் பிந்த வைக்கவில்லை. டவுன் சிண்ட்ரோம் போன்ற வேறு சில காரணங்கள் கொஞ்சம் தாமதப்படுத்தும். அந்தக் குழந்தைகளையும் எப்படியும் நாம் பார்க்கத்தான் வேண்டும்.

கேளாத குழந்தை முதல் மாதங்களில் எந்தச் சத்தமும் போடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதுவும் அழும், சிரிக்கும், "ங்கா" சொல்லும், எச்சில் ஊதும். ஐந்தாறு மாதம் வரை மற்றக் குழந்தைகளைப் போலவேதான் இருக்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சந்தேகம் வந்தாலும் ஒரு தட்டை எடுத்துத் தலைக்குப் பின்னால் தட்டிப் பார்ப்பார்கள். பிள்ளை திரும்பும், எல்லாருக்கும் நிம்மதி. பெரிய சத்தமோ, காற்றின் அசைவோ, நிழலோ, எதற்கு வேண்டுமானாலும் அது திரும்பியிருக்கலாம். தட்டுச் சத்தம் கேட்கிற காதுக்குப் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்கும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அப்புறம் "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று ஒரு பெரியவர் சொல்வார். இன்னொருவர் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்வார். ஒரு வயதுக்குள் தேனே கூடாது என்று நீங்கள்தான் ஊர் ஊராகச் சொல்லி வருகிறீர்கள். இந்தச் சமாதானங்களிலேயே இரண்டு வயது, இரண்டரை வயது ஆகிவிடுகிறது. கேட்கும் குறைபாட்டுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற கணக்கு, ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் காதுக்கருவியும் பயிற்சியும் தொடங்குதல். பெரிய மருத்துவமனையில் பிறக்கிற குழந்தைக்குப் பிறந்தவுடனே ஓ.ஏ.இ. என்கிற காதுப் பரிசோதனை நடக்க வாய்ப்பு உண்டு. நடக்காமல் விட்டுப்போன பிள்ளைகளையும், பிறந்த பிறகு கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளையும் யார் பிடிப்பது?

நீங்கள் பிடிக்கலாம். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு அவர்கள் உங்களிடம்தான் வருகிறார்கள். புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில், துணை மையத்தில், அங்கன்வாடியில், எங்கே வந்தாலும் உங்கள் முன்னால்தான் உட்காருகிறார்கள். முழு அசைகள் வந்திருக்க வேண்டிய வயதும் சரியாக அதுதான். கர்ப்பத்தில் அம்மாவுக்கு ரூபெல்லா வந்தால் பிள்ளைக்குக் காது கேளாமல் போகலாம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 பிப்ரவரியில் பள்ளி பள்ளியாகப் போய் அந்த ஊசியைப் போட்டவர்கள் நீங்கள். காதைக் காக்கிற ஊசியைப் போடுகிற அதே நாளில் காதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டுவிட முடியும்.

கேட்கிற விதம் முக்கியம். "பிள்ளை பேசுதா?" என்று கேட்டால், "ஒம்பது மாசம்தானே ஆகுது" என்று அம்மா சிரிப்பார். "சத்தம் போடுதா?" என்றால் எல்லா அம்மாவும் ஆமாம் என்பார், கேளாத பிள்ளையின் அம்மா உட்பட. இப்படிக் கேளுங்கள்: "தத்தத்தா, பப்பப்பா, மம்மம்மான்னு அடுத்தடுத்து விடாம சொல்லுதா? எனக்குச் சொல்லிக் காட்டுங்க, பிள்ளை எப்படிச் சொல்லும்?" அம்மாக்கள் அப்படியே நடித்துக் காட்டிவிடுவார்கள். இந்த ஒலிகளைப் பெற்றோர் நன்றாகவே அடையாளம் காண்கிறார்கள், படிப்போ வசதியோ அதற்குத் தேவையில்லை என்று அதே மயாமிக் குழுவினர் 2001-ல் காட்டியிருக்கிறார்கள். எந்த மொழி வீடாக இருந்தாலும் இந்தக் கேள்வி செல்லும். "தத்தத்தா" தமிழும் இல்லை, சௌராஷ்டிரமும் இல்லை, இந்தியும் இல்லை.

வருகிறது என்றால் சரி. அதற்காகக் காது நூறு சதவீதம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். லேசான குறைபாடும் பின்னால் வருகிற குறைபாடும் இதில் தப்பிப் போகலாம். வரவில்லை என்றால் அட்டையில் ஒரு வரி எழுதுங்கள், ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டுக் கேளுங்கள். பத்து மாதம் முடிந்தும் இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம், பெரியாஸ்பத்திரிக் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்புங்கள். பால்வாடிக்குப் பரிசோதனைக்கு வருகிற, ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசின் குழந்தைநலப் பரிசோதனைத் திட்ட மருத்துவக் குழுவிடமும் சொல்லி வையுங்கள். பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், பிறந்தவுடன் தீவிர சிகிச்சையில் இருந்தது, வீட்டில் வேறு யாருக்காவது காது கேளாமை என்று ஏதாவது இருந்தால் அந்த ஒரு மாதமும் வேண்டாம், அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிய வீடுகள் நம் பக்கம் அதிகம். பரம்பரையாக வருகிற காது கேளாமைக்கு அங்கே வாய்ப்பு கூடுதல். அம்மாவின் மனம் நோகாமல் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசோதனைக்குப் பயப்படுகிறவர்களிடம், ஊசி இல்லை, வலி இல்லை, பிள்ளை தூங்கும்போது காதில் ஒரு சின்ன முனையை வைத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் பெரா என்று இன்னொரு காதுப் பரிசோதனை எடுப்பார்கள், அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் நம்புவார்கள். குறைபாடு கடுமையாக இருந்தால் ஆறு வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உட்காதில் கேட்கும் கருவி பொருத்திக்கொள்ள வழி இருக்கிறது. ஆறு வயது வரை இருக்கிறதே என்று தள்ளிப்போடக் கூடாது. ஒரு வயதில் போட்ட பிள்ளைக்கும் ஐந்து வயதில் போட்ட பிள்ளைக்கும் பேச்சில் இருக்கிற வித்தியாசத்தை நான் என் அறையில் பார்க்கிறேன்.

காது கேளாத பிள்ளைக்கு மழலையே கிடையாது என்றும் நினைக்க வேண்டாம். கனடாவின் மான்ட்ரியலில் லாரா பெட்டிட்டோவும் பாலா மாரென்டெட்டும் 1991-ல் ஓர் அருமையான விஷயத்தை வெளியிட்டார்கள். சைகை மொழி பேசுகிற, காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் "தத்தத்தா" சொல்கிற அதே வயதில் கையால் மழலை பேசின. சைகையின் சின்னச் சின்னத் துண்டுகளைப் பொருளில்லாமல் திரும்பத் திரும்பச் செய்தன. மூளைக்கு மொழி வேண்டும். வாய்வழியோ கைவழியோ, தெளிவாக வந்து சேர்ந்தால் எடுத்துக்கொள்கிறது.

இனி, இரண்டாவது வேண்டுகோள். சௌராஷ்டிரமோ தெலுங்கோ இந்தியோ பேசுகிற அம்மாவிடம், பிள்ளையோடு அந்த மொழியில் பேசாதீர்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மழலை வளர்வது பதில் பேச்சினால். 2003-ல் மைக்கேல் கோல்ட்ஸ்டைன் குழுவினர் எட்டு மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம், பிள்ளை சத்தம் போட்ட உடனே சிரித்து, தொட்டு, கிட்டப் போகச் சொன்னார்கள். அந்தச் சில நிமிடங்களிலேயே குழந்தைகளின் சத்தம் முழு அசைகளாகத் தேறியது. இன்னொரு பகுதி அம்மாக்கள் அதே அளவு சிரித்தார்கள், தொட்டார்கள், ஆனால் பிள்ளை சத்தம் போட்ட நேரத்தோடு பொருந்தாமல். அங்கே அந்த முன்னேற்றம் இல்லை. யோசித்து, மொழிபெயர்த்துப் பேசுகிற அம்மாவுக்கு அந்த நொடி தவறிவிடும். தன்னையறியாமல் வாயில் வருகிற மொழியில்தான் உடனுக்குடன் பதில் சொல்ல முடியும். அது முனிச்சாலைப் பாட்டிக்குச் சௌராஷ்டிரம், பேரையூர் ஆச்சிக்குத் தெலுங்கு.

தமிழ் வீடுகளுக்கும் இது பொருந்தும். மழலையர் பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில் "வீட்ல இங்கிலீஷ்ல பேசுங்க" என்று சொல்லியனுப்புகிறார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் "கம் பேபி, ஈட் பேபி" என்று நாலே நாலு வாக்கியத்துக்குள் அம்மாவின் பேச்சு முழுவதும் அடங்கிப் போவதைப் பார்க்கிறேன். அந்த அம்மாக்கள் பால்வாடி டீச்சரிடம் யோசனை கேட்டு வருவார்கள். தமிழில் கதை சொல்லுங்கள், சண்டை போடுங்கள், தாலாட்டுப் பாடுங்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆங்கிலம் பள்ளியில் வந்துகொள்ளும்.

செல்போனில் பாட்டைப் போட்டுக் கையில் கொடுப்பதும் பேச்சுக் கொடுப்பதாக ஆகாது. பட்ரிசியா குல் 2003-ல் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து 12 முறை விளையாடினார்கள். குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில்: ஒன்றும் ஏறவில்லை.

தறி ஓடுகிற வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கப் பெரியவர்களுக்கு இருக்கிற திறமை குழந்தைக்கு இல்லை. செல்லூரிலும் கைத்தறி நகரிலும் தறிக்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டிலைத் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள், தறி நிற்கிற நேரத்தில் பிள்ளையிடம் முகத்துக்கு நேராகப் பேசச் சொல்லுங்கள்.

பால்வாடி டீச்சர்களிடம் தனியாக ஒன்று. இரண்டு வயதுப் பிள்ளை எத்தனை சொல் பேசுகிறது என்று எண்ணும்போது, வீட்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். தண்ணீரை ஒரு மொழியிலும் நிலாவை இன்னொரு மொழியிலும் சொல்கிற பிள்ளைக்கு இரண்டு சொல் தெரியும், ஒன்று அல்ல. 1993-ல் பார்பரா பியர்சன் குழுவினர் இரு மொழிக் குழந்தைகளின் சொற்களை இப்படிச் சேர்த்து எண்ணியபோது, ஒரு மொழிக் குழந்தைகளுக்கு அவர்கள் குறைந்தவர்களாக இல்லை. உங்களுக்கு அந்த மொழி தெரியாவிட்டால் பிள்ளையை விட வருகிற அக்காவிடமோ பாட்டியிடமோ கேட்டால் போதும். அப்படிச் சேர்த்து எண்ணியும் குறைவாக இருந்தால் மொழியைக் காரணம் சொல்லாமல் காதுக்கு அனுப்புங்கள்.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். பதிவேடுகள், ஆன்லைன் பதிவு, கர்ப்பிணிகள், எடை, சத்துமாவு, இதற்கு நடுவே இன்னொரு வேலையா என்று அலுப்பு வரும். அதனால்தான் புதிய படிவமோ கருவியோ கேட்கவில்லை. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அம்மாவை உட்காரச் சொல்கிறீர்களே, அந்த நேரத்தில் கேட்கிற ஒரு கேள்வி, அட்டையின் ஓரத்தில் ஒரு வரி.

முழு அசை எது, வெறும் முனகல் எது என்று காதால் கேட்டால் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பெற்றோர் அனுமதியோடு எடுத்த பதிவுகள் என்னிடம் இருக்கின்றன: மூன்று மாதத்து "ங்கா", எட்டு மாதத்துத் "தத்தத்தா", தமிழ் வீடு, சௌராஷ்டிர வீடு, காது கேட்கும் பிள்ளை, கேளாத பிள்ளை. உங்கள் வட்டாரக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் எடுத்து வந்து போட்டுக் காட்டுகிறேன். மேலூரோ உசிலம்பட்டியோ திருமங்கலமோ, எங்கே என்றாலும் சரி. புதன்கிழமை உங்களுக்கு ஊசி நாள், அதை விட்டு வேறு எந்த நாளும் எனக்கு ஒத்துவரும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு பேச்சுப் பயிற்சியாளர்